துவாஸில் ஈர மரத்தோடு ஆறு மாதம்

தாரைச் சுரண்டிய கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். டிசம்பர் மாதம், சிங்கப்பூரின் தொழிற்பேட்டைப் பகுதியான துவாஸில் விடாத மழை. மரத்திலிருந்து எரிவாயு எடுக்கும் எங்கள் இயந்திரத்தின் வடிகட்டியைத் திறந்தால் உள்ளே தார் கறுப்பாக, கெட்டித் தேன் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நானும் இன்னொரு பையனும் இரண்டு ஷிஃப்ட் சுரண்டினோம். அந்த வாடை உடம்பை விட்டுப் போகவே இல்லை. விடுதியில் என் பூட்ஸை அறைக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அந்த இயந்திரம் எங்கள் நிறுவனம் வைத்த சிறிய வாயுவாக்கி. உடைந்த பேலட், பெட்டிக் கட்டை, சாலையோர மரங்களில் வெட்டிய கிளை எல்லாவற்றையும் சில்லுகளாக்கி, முழுதாக எரியவிடாமல் குறைந்த காற்றில் கனலவிட்டால் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அதைப் பக்கத்து உணவு ஆலையின் கொதிகலனுக்குக் கொடுத்து டீசலைக் குறைக்க வேண்டும். பேச்சு தொடங்கியபோது எல்லோரும் கரிம வரியைத்தான், அதாவது வெளியிடும் பசுமையில்ல வாயுவுக்கு அரசு போடும் வரியைத்தான் சொன்னார்கள். 2019-இல் டன்னுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளி, 2024-இல் 25, 2026-இல் 45. உண்மையில் ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்கு மேல் வெளியிடும் ஆலைகள்தான் அதை நேரடியாகக் கட்டுகின்றன. அந்த உணவு ஆலைக்கு டீசல் பில்தான் கவலை.

மரக்கழிவை எரிப்பது இங்கே புதிது அல்ல. கரையோரப் பூந்தோட்டங்களில் (Gardens by the Bay) அதைத்தான் எரிக்கிறார்கள். ஜூரோங் தீவில் 2013-இல் திறந்த தெம்புசு மின்நிலையம் நிலக்கரியோடு செம்பனைக் கொட்டை ஓட்டையும் கலந்து எரிக்கும்படி கட்டப்பட்டது. அதையெல்லாம் பார்த்து நாங்களும் தெம்பாக இறங்கினோம்.

பிரச்சினை ஈரம். சில்லில் கொஞ்சம் எடுத்து 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை வைத்துப் பார்த்தேன். 42 சதவீதம் தண்ணீர். எங்களுடையது போன்ற கீழ்நோக்கி வாயு இறங்கும் வாயுவாக்கிக்கு 20-க்குள் இருந்தால்தான் சரிப்படும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 2,260 கிலோஜூல் போய்விடுகிறது. அந்தச் சூடு குறைந்தால் நடுவே இருக்கும் கரிப்படுகை ஆறிவிடும், மரம் சூடாகும்போது வரும் தார் அங்கே உடையாமல் அப்படியே வாயுவோடு வெளியே வரும். உலர்த்தி ஒன்று முதல் வரைபடத்தில் இருந்தது. செலவு என்று முதலாளி வெட்டிவிட்டார்.

சரி, நிலக்கரி சேர்த்துப் பார்ப்போம் என்றார் எங்கள் சீன ஃபோர்மேன் அங்கிள். முப்பது வருடம் கொதிகலனோடு இருந்தவர். ஐந்துக்கு ஒரு பங்கு இந்தோனேசிய நிலக்கரி. அதன் கரி சீக்கிரம் கரையாது, படுகையைச் சூடாகவே வைத்திருக்கும். தார் குறைந்தது, நாங்கள் குதித்தோம். இரண்டாம் வாரம் அழுகிய முட்டை வாடை; நிலக்கரியின் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகிக் கழுவும் நீரில் இறங்கியிருந்தது. அப்புறம் சாம்பல் சல்லடை நகரவில்லை. மரத்தின் பொட்டாசியம் நிலக்கரிச் சாம்பலோடு சேர்ந்து உருகிக் கண்ணாடிக் கட்டியாகிவிட்டது.

உடைக்க உள்ளே போவதுதான் பயம். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. நைட்ரஜன் விட்டு வாயுவை வெளியேற்றி, பிறகு காற்று ஊதி, ஆக்சிஜன் அளவையும் சேர்த்துப் பார்த்து, உள்ளே போகும் பெர்மிட்டில் கையெழுத்து விழும்வரை அங்கிள் யாரையும் வாசலைக்கூட எட்டிப் பார்க்க விடவில்லை. அந்த விஷயத்தில் அவர் பாதுகாப்பு அதிகாரியைவிடக் கறார்.

அன்று ராத்திரி ஊருக்குப் பேசியபோது அம்மாவிடம் புலம்பினேன். "ஈர வெறகு பொகையாம என்ன பண்ணும் தம்பி? அடுப்புக்கு மேல பரண்ல போட்டு வெச்சா அதுவே காஞ்சிடுமே" என்றார். கொதிகலன் புகைபோக்கியில் வீணாகிற சூட்டை நினைத்துக்கொண்டேன். மறுநாள் அங்கிளிடம் சொன்னதும் அவர் சிரித்தார். வெட்டப்பட்ட வரைபடத்தில் இருந்ததும் அதுதானாம்!

பழைய குழாய், ஒரு விசிறி, துளையிட்ட இரும்புத் தொட்டி. புகைச் சூடு அடியில் புகுந்து சில்லின் ஊடே மேலேறும்படி அமைத்தோம். தொட்டி தீப்பிடிக்காமல் இருக்க வெப்பமானி வைத்து, குளிர்ந்த காற்று கலந்து சூட்டை இறக்கினோம். பெயின்ட் அடித்த கட்டையைப் பொறுக்கி எறிந்தோம், ஆணிக்குக் காந்தம் வைத்தோம். மார்ச்சில் ஈரம் 18-க்கு வந்தது. வடிகட்டியை இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை திறக்கிறோம்.

வெறும் மரத்திலேயே ஓடுகிறது என்று பார்வையாளர்களிடம் சொல்கிறோம். ஆனால் ஷெட் மூலையில் ஆறு மூட்டை நிலக்கரி கிடக்கிறது. போன மாதம் மூன்று நாள் மழையில் அதில் ஒன்றைப் பிரித்தோம்.