ஒரு சின்னக் கோப்புக்காக மூன்று நாள்

நேற்று ராத்திரிதான் ஸ்கேனர் முதல் பக்கத்தை முழுசாகப் படித்துக் கொடுத்தது. மூன்று நாள் அலைச்சல் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன், இதே மாதிரிப் பழைய ஸ்கேனரை வைத்துக்கொண்டு யாராவது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம்.

அப்பாவின் கையெழுத்துக் குறிப்பேடுகளை ஸ்கேன் செய்ய வேண்டும். கையில் இருந்தது பதினைந்து வருஷத்துக்கும் மேலான சமதளக் கண்ணாடி ஸ்கேனர். கணினியில் டெபியன் லினக்ஸ் இயங்குதளம். யூஎஸ்பியில் செருகி, செருகிய சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடித்தால் ஸ்கேனர் பட்டியலில் வந்தது. லினக்ஸில் ஸ்கேனர்களைக் கவனித்துக்கொள்ளும் சேன் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலிலும் இருந்தது. அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது மூடியில் அச்சடித்த பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் உள்ளே வேறு வேறு சில்லு வைத்து விற்றிருப்பார்கள். எல்எஸ்யூஎஸ்பி காட்டும் அந்த நான்கு இலக்க ஜோடி எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். என்னுடையது ஜிடி68எக்ஸ்எக்ஸ் என்ற பின்னிரலில் (ஸ்கேனரோடு பேசும் சேன் நிரல்) ஓடும் வகை.

இதுவரை ஐந்து நிமிஷம். அப்புறம் ஆரம்பித்தது தொல்லை.

சிம்பிள் ஸ்கேன் என்ற செயலியைத் திறந்தால் ஸ்கேனரே இல்லை என்றது. கட்டளைகளை அடிக்கும் முனையத்தில் ஸ்கேன்இமேஜ் என்ற கட்டளையைப் போட்டாலும் அதே பதில். நிர்வாகி உரிமை தரும் சூடோவைச் சேர்த்துப் போட்டபோது மட்டும் பெயர் வந்தது. அப்படியென்றால் அனுமதிப் பிரச்சினை. என் பயனர் கணக்கை ஸ்கேனர் என்ற குழுவில் சேர்த்தேன், மாற்றமில்லை. சாதனங்களுக்கு அனுமதி வகுக்கும் யூடெவ் விதி எழுதினேன், அதற்கும் மாற்றமில்லை. சேன் மென்பொருள் பொதிகளை நீக்கி மறுபடி நிறுவினேன். ஒரு நாள் முழுக்க இப்படியே போனது. குழுவில் சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் அது செல்லுபடியாகும். இதை மட்டும் யாரும் மறக்க வேண்டாம். மறுநாள் காலை கணினியைப் போட்டதும் சூடோ இல்லாமலே ஸ்கேனர் பட்டியலில் வந்து நின்றது.

சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. சிம்பிள் ஸ்கேன் காரணம் சொல்லாது. முனையத்தில் ஓட்டியபோதுதான் நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது: ஃபர்ம்வேர் கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை. அந்த வரியை முதல் நாள் சூடோவோடு ஸ்கேன் செய்து பார்த்திருந்தால் அப்போதே படித்திருப்பேன்.

விஷயம் இதுதான். இந்த வகை ஸ்கேனருக்குள் இருக்கிற சில்லு தன்னை இயக்கும் நிரலை, அதாவது ஃபர்ம்வேரை, தானே வைத்துக்கொள்ளாது. மின்சாரம் போனால் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் கணினிதான் அந்த நிரலை யூஎஸ்பி வழியாக ஏற்றிவிட வேண்டும். அந்த நிரல் தயாரிப்பாளரின் உரிமைக்கு உட்பட்டது என்பதால் சேன் அதைச் சேர்த்துத் தர முடியாது. பின்னிரல் கிடைக்கும், ஃபர்ம்வேரை நாம்தான் தேடிக்கொண்டு வர வேண்டும்.

தயாரிப்பாளரின் தளத்தில் இந்த மாடலின் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். உதவி மையத்துக்கு எழுதினேன். ஆதரவு முடிந்துவிட்டது, புதிய மாடல் வாங்குங்கள் என்று பதில். நான் கேட்டது ஒரே ஒரு கோப்பு. நன்றாக ஓடக்கூடிய சாதனத்தைக் குப்பையில் போடச் சொல்வதற்கு அவர்களுக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கடைசியில் காப்பாற்றியது ஸ்கேனரோடு வந்த டிரைவர் சிடி. தூக்கிப்போடாமல் வைத்திருந்தது பெரிய அதிர்ஷ்டம். உள்ளே பல கோப்புகளைச் சுருக்கி அடைத்த கேப் கோப்பு ஒன்று. கேப் கோப்புகளைப் பிரிக்கும் கேப்எக்ஸ்ட்ராக்ட் அதைக் கேப் கோப்பாகவே ஏற்கவில்லை. அது இன்ஸ்டால்ஷீல்டு வகை, அதற்கு அன்ஷீல்டு என்ற தனிக் கருவி வேண்டும். பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு நடுவில் நான் தேடிய பெயர் இருந்தது. எடுத்து சேன் கோப்புறைக்குள் ஜிடி68எக்ஸ்எக்ஸ் அடைவில் போட்டேன். அப்போதும் கோப்பு இல்லை என்ற அதே வரி! சிடியில் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து, பின்னிரல் எதிர்பார்ப்பது பெரியதும் சின்னதும் கலந்த பெயர். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. பிழைச் செய்தியில் இருந்த பெயரை அப்படியே நகலெடுத்துக் கோப்புக்கு வைத்தேன்.

விளக்கு எரிந்தது. கூடவே கரகரவென்று பற்சக்கரம் அரைபடுகிற சத்தம். உடனே கேபிளைப் பிடுங்கினேன். இந்தப் பின்னிரலின் கையேடே, வழக்கமில்லாத சத்தம் கேட்டால் இணைப்பைத் துண்டிக்கச் சொல்கிறது, அதில் யோசிக்கவே கூடாது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பூட்டுக் குமிழ். வீடு மாற்றும்போது ஸ்கேன் செய்யும் தலை ஆடாமல் இருக்க நானே திருப்பியது. திறந்து வைத்ததும் தலை சீராக நகர்ந்தது.

இன்னொன்று பாக்கி. முதல் பக்கம் நன்றாக வரும், இரண்டாவது பக்கத்தில் உறைந்துவிடும், கேபிளைக் கழற்றி மாட்ட வேண்டும். காரணம் யூஎஸ்பி 3 துளை. பழைய ஸ்கேனர்கள் சிலவற்றுக்கு அதோடு ஒத்துப்போவதில்லை. சேன் யூஎஸ்பி வொர்க்கரவுண்ட் என்ற சூழல் மாறியை (நிரல்கள் படிக்கும் ஒரு அமைப்பு) 1 என்று வைத்தால் சரியாகலாம் என்று கையேட்டில் இருக்கிறது. எனக்கு அது உதவவில்லை. பழைய யூஎஸ்பி 2 ஹப் ஒன்றை நடுவில் வைத்தேன், அதோடு பிரச்சினை தீர்ந்தது.

300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), சாம்பல் நிறம், டிஃப் படக் கோப்பு. கையெழுத்துக்கு இது போதும். அப்பா பென்சிலில் எழுதி அழித்துவிட்டு மேலே பேனாவில் எழுதிய இடங்களில் அழித்த பென்சில் கோடுகூடத் திரையில் தெரிகிறது. ஒரு குறிப்பேடு முடிந்துவிட்டது, இன்னும் ஆறு இருக்கின்றன. ஃபர்ம்வேர் கோப்பை மூன்று இடத்தில் நகலெடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஸ்கேனரின் சிடி இன்னும் படிக்கும் நிலையில் இருந்தால் இன்றைக்கே அதையும் எடுத்து வைத்துவிடுங்கள்.