லை வேற, லே வேற: படுக்கிறதும் படுக்க வைக்கிறதும்

நைட் டியூட்டியில ஒரு தடவை நோட்ல "பேஷன்ட் லேயிங் ஆன் லெஃப்ட் சைட்"னு எழுதிட்டேன். காலையில பாத்தா அந்த லேயிங்கை சிவப்பு மையில சுழிச்சு பக்கத்துல லையிங்னு எழுதியிருந்தாங்க, ஏன்னு கேட்டதுக்கு "லேயிங்னா கோழி முட்டை போடுறது"ன்னு ஒரே வரியில பதில் வந்துச்சு. சொன்னது சரிதான், ஆனா அதுல இருந்து எனக்கு ஒண்ணுமே பிடிபடல, வருஷக்கணக்கா அந்த வார்த்தை வர்ற இடத்துல எல்லாம் பேனா நின்னு நின்னுதான் போகும்.

போன வாரம் பத்தாவது படிக்கிற என் தங்கச்சி பொண்ணு வந்து "பெரியம்மா, இங்கிலீஷ்ல லை (lie), லே (lay) ரெண்டும் ஒண்ணுதானே"ன்னு கேட்டப்பதான் இதை எழுதணும்னு தோணுச்சு. ஏன்னா இந்த வித்தியாசம் நமக்குப் புதுசே இல்ல, தமிழ்ல தினமும் பேசிட்டுதான் இருக்கோம். லைன்னா படு, லேன்னா படுக்க வை, இல்ல கீழ வை, அவ்வளவுதான். தாத்தா படுத்திருக்கார்னா லை, குழந்தையைத் தொட்டில்ல படுக்க வச்சேன்னா லே. யாரை, எதைன்னு கேட்டுப் பாருங்க, பதில் வந்தா லே. கோழி எதைப் போடுது, முட்டையை, அதனாலதான் அங்க லே.

குழப்பம் வர்றது இறந்தகாலத்துல. லைக்கு இறந்தகாலம் லே! படுத்தான்னு சொல்லவும் லே, படுக்க வைன்னு சொல்லவும் அதே லே. படுக்க வச்சான்னா லெய்ட். லை, லே, லெய்ன் ஒரு வரிசை, லே, லெய்ட், லெய்ட் இன்னொரு வரிசை. இதுல தடுக்கி விழறது நாம மட்டும் இல்ல, இங்கிலீஷ்காரங்களே 1300 வாக்குலேர்ந்து படுக்கிறதுக்கும் லேன்னு எழுதியிருக்காங்க. (பொய் சொல்ற லை இதுல சேராது, அது வேற வேர்லேர்ந்து வந்தது, அதுக்கு இறந்தகாலம் லைட் (lied).)

எனக்கு ரொம்பப் பிடிச்சது இது எங்கேர்ந்து வந்துச்சுங்கிறதுதான். பழைய இங்கிலீஷ்ல லிஜ்ஜன்னா படுக்கிறது, லெஜ்ஜன்னா படுக்க வைக்கிறது, அதாவது ரெண்டாவது முதல் சொல்லோட பிறவினை. நாம ஓடு ஓட்டு, இறங்கு இறக்கு, திரும்பு திருப்புன்னு மெய்யெழுத்தை வலிச்சு பிறவினை ஆக்குறோம்ல, அவங்க முன்னோர்கள் வினையோட கடைசியில ஒரு ய சத்தத்தைச் சேத்தாங்க, அந்த ய முன்னாடி இருந்த உயிரை இழுத்து மாத்திட்டு காலப்போக்குல காணாமப் போயிடுச்சு, மாறின உயிர் மட்டும் அப்படியே நின்னுடுச்சு. சிட்னா உக்காரு, செட்னா உக்கார வை. ஃபால்னா விழு, மரத்தை ஃபெல் பண்றதுன்னா வீழ்த்துறது. ஜெர்மன்ல இன்னிக்கும் லீகன், லேகன்னு ரெண்டும் ஒட்டாம தனித்தனியா இருக்கு.

ட்ரிங்க் (drink), ட்ரெஞ்ச் (drench) ஜோடியைக் கேட்டதும் நான் அசந்துட்டேன். ட்ரெஞ்ச்னா மழையில தொப்பலா நனையறதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன், ஆனா அதோட மொதல் அர்த்தம் குடிக்க வைக்கிறது. மாட்டு டாக்டருங்க மாட்டுக்கு வாய் வழியா மருந்து ஊத்துறதை இன்னிக்கும் ட்ரெஞ்ச்னுதான் சொல்றாங்க. எங்க தாத்தா பசு வாயை ஒரு பக்கமா தூக்கிப் பிடிச்சு, மூங்கில் குழாயைக் கடவாய்ல விட்டு கஷாயம் புகட்டுவார், பாதி அவர் வேட்டியில வழியும். நம்ம புகட்டுங்கிற சொல்லும் பிறவினைதான், புகு, புகட்டு.

வார்டுல இந்த வித்தியாசம் வெறும் இலக்கணம் இல்ல. எழுந்திரிக்க முடியாதவங்களுக்கு படுக்கைப்புண் வராம இருக்க 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வைப்போம். அவரா இடது பக்கம் படுத்தாரா, இல்ல நாங்க படுக்க வச்சோமாங்கிறது அடுத்த ஷிஃப்ட்ல வர்றவங்களுக்குத் தெரியணும், அவரா திரும்பிப் படுத்தார்னா உடம்புல தெம்பு வருதுன்னு அர்த்தம். நேத்து நைட் 2 மணிக்கு ஒரு பேஷன்ட்டைப் படுக்க வச்சுட்டு லெய்ட்னு எழுதினேன். 4 மணிக்குப் போறப்ப அவரே சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், பேனா நிக்காம லையிங்னு எழுதினேன்.