கொஞ்சம் கட்டுப்பாடு

"தம்பி, அந்த வலைக்குக் கீழ ஆடு பத்திக்கிட்டுப் போலாமா?"

கேட்டவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு நேரே வந்திருந்தார். தொரட்டியைப் பள்ளிக்கூடச் சுவரில் சாத்திவிட்டு, அது கண்ணில் படுகிற மாதிரி ஒரு இடம் பார்த்து உட்கார்ந்திருந்தார். வலை என்றால், விண்வெளியிலிருந்து அனுப்பும் மின்சாரத்தைப் பிடிக்கத் தரையில் விரிக்க வேண்டிய வலை. கேள்வியை நான் ஆங்கிலத்தில், அதைப் பற்றிப் பேச வந்திருந்த விஞ்ஞானியிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடத்துக்கு மேல் பதில் சொன்னார். நான் பெரியவரிடம் திரும்பி, "ஓரத்துல தாராளமா மேய்க்கலாம் அண்ணாச்சி. நடுவுல மட்டும் கொஞ்சம் கட்டுப்பாடு இருக்கும்" என்றேன்.

விஞ்ஞானி சொன்னது அது இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு செட் மாணவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். அந்த ஊரில் யாருக்கும் இது நினைவிருக்காது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அப்படி ஒரு வலை ராதாபுரம் வட்டாரத்தில் மட்டுமில்லை, உலகத்தில் எங்குமே இன்னும் விரிக்கப்படவில்லை. இல்லாத வலைக்குக் கீழே மேயாத ஆட்டைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம், அவ்வளவுதான். இப்படித்தான் எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொள்கிறேன்.

விஞ்ஞானி எங்கள் கல்லூரிக் கருத்தரங்குக்கு வந்தவர். விண்வெளியிலிருந்து சூரிய மின்சாரம் என்று சொன்னால் ராத்திரி பகலாகப் பேசக்கூடியவர், தமிழ் தெரியாது. மாலையில் விரிவாக்கப் பணி என்று ஒரு கிராமத்துக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். இயற்பியல் துறையில் எனக்குத்தான் வாய் கொஞ்சம் நீளம் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. ஆனி மாதக் காற்று. திரைக்குப் பதிலாகக் கட்டியிருந்த போர்வை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய செயற்கைக்கோள் அந்தப் பள்ளிக்கூடச் சுவரில் ஊஞ்சலாடியது.

அவர் நன்றாகத்தான் பேசினார். 1968-ல் பீட்டர் கிளேசர் என்ற பொறியாளர் இந்த யோசனையை எழுதியதிலிருந்து தொடங்கினார். மேகமும் காற்று மண்டலமும் தாண்டிப் போனால் ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட் வெயில் விழுகிறது. அங்கே ராத்திரி என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. வருஷத்தில் இரண்டு தடவை, பகலும் இரவும் சமமாக இருக்கிற நாட்களை ஒட்டிச் சில வாரம் மட்டும், நடுச்சாமத்தில் அதிகபட்சம் 72 நிமிடம் பூமியின் நிழலுக்குள் போகும். மற்ற நேரமெல்லாம் வெயில்தான். அதை மின்சாரமாக்கி, மைக்ரோ அலையாக்கிக் கீழே அனுப்ப வேண்டும். கீழே ஆன்டெனாக்களால் ஆன ஒரு வலை அதைப் பிடித்துத் திரும்ப மின்சாரமாக்கும். 1975-ல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு இப்படி அனுப்பி, 30 கிலோவாட்டுக்கு மேல் பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் கால்டெக் பல்கலைக்கழகம் விண்வெளிக்கு அனுப்பிய ஒரு சின்னக் கருவியிலிருந்து வந்த அலையைப் பசடேனாவில் ஒரு கட்டட மொட்டைமாடியில் கண்டுபிடித்தார்கள்.

கலாம் 2010-ல் அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கத்தோடு சேர்ந்து இதற்காக ஒரு முயற்சியைத் தொடங்கியதைச் சொன்னபோது கைதட்டல் விழுந்தது. கலாம் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கம் எதற்கும் கைதட்டல் விழும். அது வேறு விஷயம்.

மின்சாரத்தைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் காத்தாடிகள். இன்னொரு பக்கம் கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட்டாக இரண்டு அணு உலைகள். வடமேற்கே மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதனை. 2011-ல் இடிந்தகரையில் நடந்த அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தைப் பார்த்தவர்கள், கேட்டவர்கள். கரண்டு பற்றிப் படம் போட்டுப் பேச வருகிறவர்களின் முகத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். காத்தாடிக்கு அடியில் ஆடு மேய்வது அங்கே தினப்படிக் காட்சி. அதனால்தான் அந்தப் பெரியவர் விலை கேட்கவில்லை, எப்போது வரும் என்று கேட்கவில்லை. ஆடு மேயலாமா என்று கேட்டார். அன்று மாலை கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான். காலையில் கருத்தரங்கில் முனைவர் பட்டம் வாங்கிய நாங்கள் கேட்டவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

விஞ்ஞானியின் பதில் எனக்கு அநேகமாக வரிக்கு வரி நினைவிருக்கிறது. வலையின் நடுவில் மேலிருந்து விழும் அலையின் அளவு, பொதுமக்கள் மேல் படலாம் என்று வைத்திருக்கும் வரம்பைப் போல இருபது மடங்குக்கு மேல் இருக்கும். ஆட்கள் அங்கே போகக் கூடாது. வலைக்கு அடியில் போகலாமா என்பது வலை எவ்வளவு நன்றாக அலையைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. கால்நடைகளை நீண்ட காலம் விட்டுப் பார்க்காமல் நான் சரி என்று சொல்ல மாட்டேன். இவ்வளவையும் மறைக்காமல் சொன்னார். இந்தத் திட்டத்துக்காகவே வாழ்கிற மனுஷன்! அவருக்காக வாதாட அவரைவிட ஆர்வமாக நான் கிளம்பியிருக்கிறேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? முதலில் சொல்லிக்கொண்ட காரணம், நேரமில்லை. தலைமையாசிரியர் நன்றியுரைத் தாளோடு எழுந்து நின்றுவிட்டார். இரண்டாவது காரணம், சொல் இல்லை. ஆங்கிலத்தில் அந்த 'வரம்பு' ஒரு தொழில்நுட்பச் சொல். "இருபது மடங்கு" என்று மட்டும் தமிழில் போட்டால், மேலேயிருந்து நெருப்பு விழப்போகிறது என்றுதான் காதில் விழும். அலைபேசிக் கோபுரத்தால் சிட்டுக்குருவி செத்துப்போகிறது என்று நம்புகிற ஊரில் அதை எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். இதை எழுதும்போதே எனக்கு உறைக்கிறது. அந்த ஊர் அப்படி நம்புகிறது என்று எனக்கு யார் சொன்னது? அங்கே யாரும் சிட்டுக்குருவியைப் பற்றிப் பேசவே இல்லை.

மூன்றாவது காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. 2012-ல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாமல் கிடந்த காலத்தில், செய்முறைத் தேர்வுக்கு ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க அலைந்தவன் நான். ஆடி முடிந்து காத்து அடங்கினால் காத்தாடி நின்றுவிடும், பொழுது சாய்ந்தால் பேனலும் ஓய்ந்துவிடும். நிற்காத ஒன்று மேலே இருக்கிறது என்றால் மனசு அதன் பக்கம்தான் சாயும். அது சாய்ந்ததில், ஒரு ஆட்டுக்காரரின் கேள்வி அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று உள்ளே எங்கேயோ நினைத்திருக்கிறேன்.

அன்று ராத்திரி வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1970-களின் கடைசியில் நாசாவும் அமெரிக்க எரிசக்தித் துறையும் போட்ட மாதிரித் திட்டத்தின் எண்களை எடுத்துக்கொண்டேன். ஒரு செயற்கைக்கோளிலிருந்து 5,000 மெகாவாட். நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு வலை கிட்டத்தட்ட வட்டமாக, குறுக்கே 10 கிலோமீட்டர் வரும். பரப்பு 78 சதுர கிலோமீட்டர் சொச்சம், அதாவது பத்தொன்பதாயிரம் ஏக்கருக்கு மேல். நடுவில் சதுர மீட்டருக்கு 230 வாட். வலையின் விளிம்பில் 10 வாட். அதையும் தாண்டிப் போடும் வேலியில் ஒரு வாட்.

பேச்சின் நடுவில் விஞ்ஞானி 230 வாட்டை "உச்சி வெயிலில் கால்வாசிகூட இல்லை" என்று சொன்னார். நானும் அதை உற்சாகமாகத் தமிழில் சொன்னேன். உச்சி வெயில் சுமார் 1,000 வாட் என்பதால் அது உண்மைதான். ஆனால் மைக்ரோ அலை வெயில் மாதிரித் தோலோடு நிற்பதில்லை, உள்ளே இறங்குகிறது. பொதுமக்களுக்கு உலக அளவில் வைத்திருக்கும் வரம்பு சதுர மீட்டருக்கு 10 வாட். அதாவது விளிம்பில் இருப்பதே வரம்பு. அதற்கு உள்ளே ஒவ்வொரு அடியும் வரம்புக்கு மேல். "ஓரத்துல தாராளமா" என்று நான் சொன்னேனே, அந்தத் தாராளம் விஞ்ஞானி வாயிலிருந்து வந்ததே இல்லை. நானாகப் போட்டுக் கொடுத்தது.

அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. இந்த எண்ணெல்லாம் வலைக்கு மேலே. வலை அலையைக் குடித்துவிட்டால் கீழே மிஞ்சுவது கொஞ்சம்தான். வெயிலும் மழையும் கம்பிகளுக்கு நடுவே இறங்கும். அதனால்தான் கீழே விவசாயம் பார்க்கலாம் என்று இந்தத் துறையில் பலரும் எழுதுகிறார்கள். அப்படிப் பார்த்தால் ஆடு மேயலாம் என்பது சரியாகவே முடியலாம். ஓரம், நடு என்று நான் பிரித்ததுதான் அபத்தம். நான் சொன்ன பொய் ஒருவேளை உண்மையாகிவிடும் என்ற நினைப்பில் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் அந்த நிம்மதியே அசிங்கமாக இருந்தது.

மேலே பறக்கிறவற்றுக்கு வலையின் பாதுகாப்பும் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு மங்கோலியா அளவு தூரத்திலிருந்து வரித்தலை வாத்து வருகிறது. அதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் நான் எப்படித் தமிழ்ப்படுத்தியிருப்பேனோ.

என்னை அதிகம் உறுத்துவது எண்கள் இல்லை, "கட்டுப்பாடு" என்ற சொல். பாடப்புத்தகத்தில் அது சாதுவான சொல். வெப்பநிலைக் கட்டுப்பாடு, தரக் கட்டுப்பாடு. எங்கள் கிராமங்களில் கட்டுப்பாடு என்றால் ஊர்க் கட்டுப்பாடு. ஒரு வீட்டுக்குத் தண்ணி கிடையாது, கடையில் சாமான் கிடையாது, யாரும் பேசக் கூடாது என்று ஊர் கூடிச் சொல்வது. அந்தச் சொல்லுக்கு முன்னால் "கொஞ்சம்" என்று ஒட்டி, புன்னகையோடு நீட்டியிருக்கிறேன். பெரியவர் முகம் சட்டென்று மாறியதா, இல்லை இப்போது நான்தான் அப்படி வரைந்துகொள்கிறேனா, தெரியவில்லை. அவர் கேட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"கொஞ்சம்னா?"

தலைமையாசிரியர் மைக்கை வாங்கிவிட்டார். டீயும் முறுக்கும் வந்தன. காற்றில் போர்வையின் ஒரு முடிச்சு அவிழ்ந்து, நாலு பையன்கள் அதைப் பிடிக்க ஓடினார்கள். பெரியவர் டீ குடிக்கவில்லை, தொரட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆட்டுக்கு யாராவது உடைமரத்து நெற்று போட்டார்களோ என்னவோ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு போன மாதிரி இருந்தது. கோபமாகவும் தெரியவில்லை.

காரில் திரும்பும்போது வள்ளியூர் தாண்டியதும் விஞ்ஞானி கேட்டார், அந்த ஆட்டுக்காரர் கடைசியாக ஏதோ சொன்னாரே, என்ன அது என்று.

"நன்றி சொன்னார்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, நாக்கில் தயாராக இருந்தது. அவர் சந்தோஷப்பட்டார். நல்ல கேள்வி கேட்டார், இப்படி யாரும் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டு, சிறிய நோட்டு ஒன்றை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். ஆடு என்று எழுதினாரோ, நன்றி என்று எழுதினாரோ. அன்று நான் நடுவில் இல்லாமலிருந்தால் அந்த இரண்டு பேரும் கைச்சாடையிலேயே இதைவிட நன்றாகப் பேசியிருப்பார்கள் என்று சில நாள் நினைப்பேன். சில நாள், போதும், நாற்பது நிமிடப் பேச்சில் முப்பத்தொன்பது நிமிடம் ஒழுங்காகத்தானே மொழிபெயர்த்தாய் என்று நினைப்பேன்.

நேற்று சும்மா இருக்கையில், அன்று சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணாச்சி, நடுவுல மேலேருந்து விழுறது, மனுஷன் மேல படலாம்னு வச்சிருக்க அளவைப் போல இருபத்திமூணு மடங்கு. வலை அதைப் பிடிச்சுக்கிடும், கீழ வராதுங்காங்க. ஆட்டை ரொம்ப நாள் விட்டுப் பாக்காம மேய்க்கலாம்னு சொல்ல மாட்டேன்னு இவரே சொல்லுதாரு." கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். பதினெட்டு விநாடி. அடுக்களையிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, யாருகிட்ட பேசுதீய என்று கேட்டாள்.