பூஜ்யங்களில் தவறிய பிட்

ரேடியோ மோடம் இணைப்பில் தகவல் கெட்டால் முதல் பழி ஆன்டெனா மேல்தான் விழும். நான் பார்த்த ஒரு இணைப்பிலும் சிக்னல் அளவு நன்றாகத்தான் இருந்தது. மோடமின் சோதனை முறையில் எத்தனை நேரம் ஓட விட்டாலும் பிழையே இல்லை. உண்மையான கோப்பு போனால் மட்டும் சில நீளமான பாக்கெட்டுகள் சிஆர்சி சோதனையில் (பாக்கெட் வழியில் கெட்டதா என்று பார்க்கும் கணக்கு) அடிபட்டன. இரைச்சலால் வரும் பிழைக்கு இப்படி ஆள் பார்த்து வரத் தெரியாது.

அனுப்பியதையும் வந்ததையும் பிட் பிட்டாக ஒப்பிட்டேன். பாதி வரை அச்சு அசலாகப் பொருந்தியது. அப்புறம் ஏறக்குறைய பாதி பிட்டுகள் தப்பு. வந்ததை ஒரே ஒரு பிட் நகர்த்தி வைத்தால் மறுபடி எல்லாம் சரி. ஆக, எதுவும் சிதையவில்லை, நடுவில் ஒரு பிட் தவறியிருக்கிறது. தவறிய இடத்துக்கு முன்னால் எப்போதும் பூஜ்யங்களின் நீண்ட வரிசை.

அனுப்பும் மோடமுக்கும் வாங்கும் மோடமுக்கும் தனித்தனி கிரிஸ்டல், அதாவது கடிகாரத் துடிப்பு தரும் பாகம். ஒவ்வொன்றும் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) விலகலாம் என்றால், மோசமான நிலையில் இரண்டுக்கும் இடையே 40 பிபிஎம்: 25,000 சிம்பலுக்கு (பிட்டைச் சுமக்கும் சிக்னல் துண்டு) ஒரு முழு சிம்பல் நழுவும். 12,500-லேயே சாம்பிள் எடுக்கும் (சிக்னலை அளக்கும்) நேரம் சிம்பலின் விளிம்புக்கு வந்துவிடும். இந்த விலகலைத் தொடர்ந்து திருத்தத்தான் வாங்கும் பக்கத்தில் டைமிங் லூப் இருக்கிறது. இதற்குப் பொறியாளர் கார்ட்னர் 1986-இல் வெளியிட்ட முறை எனக்குப் பிடித்தது. சிம்பலுக்கு இரண்டு சாம்பிள் போதும். சிக்னல் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு மாறும்போது இரண்டு சிம்பலுக்கு நடுவில் எடுக்கும் சாம்பிள் பூஜ்ய அளவில் விழ வேண்டும். விழாவிட்டால் எந்தப் பக்கம், எவ்வளவு பிசகு என்று தெரிந்துவிடும். வாங்கும் பக்கம் கேரியரோடு (தகவலைச் சுமக்கும் ரேடியோ அலை) பூட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஆனால் நீண்ட பூஜ்ய வரிசையில் நடப்பதுபோல சிக்னல் மாறாமலே இருந்தால் லூப்புக்கு எந்தத் தகவலும் கிடையாது. கிரிஸ்டல் விலகலும் இரைச்சலும் இழுத்த இழுப்புக்குப் போகும். சோதனை முறை அனுப்பியதோ மாற்றங்கள் நிறைந்த போலி ரேண்டம் வரிசை. லூப்புக்கு விருந்து! அதனால்தான் அங்கே எதுவும் சிக்கவில்லை.

அமைப்புகளைத் திறந்து பார்த்தால், இரு பக்கமும் ஸ்க்ராம்ப்ளர் அணைந்திருந்தது. அனுப்பும் பக்கம் பிட்டுகளைக் கலைத்து நீண்ட பூஜ்ய வரிசையை உடைப்பதும், வாங்கும் பக்கம் அதைத் திரும்ப நேராக்குவதும் அதன் வேலை. போட்டதும் பிட் தவறுவது நின்றது. அதற்கும் ஒரு விலை உண்டு. வந்த பிட்டுகளை வைத்தே தானே ஒத்திசையும் வகையில், கலைக்கும் விதி மூன்று உறுப்புகள் கொண்ட பல்லுறுப்புக் கோவையாக இருந்தால், வழியில் கெட்ட ஒரு பிட் வெளியே மூன்றாக வரும். கெட்ட பாக்கெட்டைத் தூக்கி எறிந்து மறுபடி கேட்கும் இணைப்பில் அது பொருட்டே இல்லை.