எப்படி விழுங்குகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லை

தைராய்டு குறைவு என்று கண்டுபிடிப்பதில் எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, டிஎஸ்எச் (தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும், கூடினால் இறங்கும்) 18.6, உடனே 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கிருந்து எனக்குச் சரியான அளவுக்கு வந்து சேர ஒன்பது மாதம் பிடித்தது. அதில் கொஞ்சம் என் அவசரத்தால் வீணானது. பெரும்பகுதி, யாரும் கேட்காத, நானும் சொல்லாத ஒரு விஷயத்தால் வீணானது. இன்னமும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

முதலில் என் தவறையே சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம் கழித்துப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார் மருத்துவர். நான் மூன்றாவது வாரமே போய் நின்றேன். மாத்திரை ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் பழைய ஆளாகிவிடுவேன் என்று எனக்குள் ஒரு கணக்கு. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. குரல் கரகரப்பு அப்படியே இருந்தது. தொலைபேசியில் பேசுபவர்கள் எல்லாம் சளி பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார்கள். காலையில் கண்ணிமை வீங்கியிருந்தது. மாடிப்படியில் பாதி ஏறிவிட்டு, எதற்காக ஏறினேன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். சரி, அளவு போதவில்லை என்று நானே முடிவுகட்டி, நானே ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டோடு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். மருத்துவர் தேதியைப் பார்த்தார். “இதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆறு வாரம் என்றுதானே சொன்னேன்?” இரண்டே நிமிடம். வெளியே வந்துவிட்டேன்.

அப்போது கோபம் வந்தது. இப்போது அவர் பக்கம்தான் நியாயம் என்று தெரிகிறது. இந்த மாத்திரையிலுள்ள ஹார்மோனில் பாதி ரத்தத்திலிருந்து நீங்கவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் புதிய அளவு உடம்பில் ஒரு நிலைக்கு வர ஐந்தாறு வாரம் தேவை. அதற்கு முன் எடுக்கிற டிஎஸ்எச் பாதி வழியில் எடுத்த புகைப்படம் மாதிரி. அவர் இதை முதல் நாளே இரண்டு வரியில் சொல்லியிருந்தால் நான் ஏன் ஓடியிருக்கப் போகிறேன்? ஆறு வாரம் என்று மட்டும் சொன்னால், அது மருத்துவருக்கு வசதியான தேதி என்றுதான் நோயாளி நினைத்துக்கொள்வார்.

ஆறாவது வாரம் 12.9. அளவு 75 ஆயிற்று. அதற்கடுத்த ஆறு வாரத்தில் 10.4. அளவு 100 ஆயிற்று. அளவு கூடிக்கொண்டே போக, எண் மட்டும் நொண்டிக்கொண்டு இறங்கியது. “மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார்கள். ஒரு நாள்கூட விட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று அடுத்த கேள்வி வந்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

இதற்கிடையில் முடி கொட்டியது. சீப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது. தைராய்டு சரியாகிற ஆரம்பத்தில் சில மாதம் கொட்டுவது உண்டு, முடிதான் கடைசியாகத் திரும்பி வரும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது நான் செய்தது, முடி வளர்ச்சிக்கான ஒரு வைட்டமின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டது. அதில் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும்.

அடுத்த ரிப்போர்ட் வந்தபோது எனக்கே வியப்பு. டிஎஸ்எச் 0.2. தைராய்டு ஹார்மோனான டி4-இன் அளவு மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. என் மருத்துவர் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதில் உட்கார்ந்திருந்தவர் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தார், என்னை ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அளவு அதிகமாகிவிட்டது. பாதியாகக் குறைத்துவிடுங்கள்.” எனக்கு இன்னும் குளிர்கிறது, மலச்சிக்கல் இருக்கிறது, கண்ணிமை வீக்கம் போகவில்லை, இதெல்லாம் குறைவின் அறிகுறிகள்தானே என்று கேட்டேன். “ரிப்போர்ட் பொய் சொல்லாதம்மா” என்றார்.

சொல்லியது. அந்த ரிப்போர்ட் அப்பட்டமாகப் பொய் சொல்லியது. 50 மைக்ரோகிராமுக்கு இறங்கிய நான்காவது வாரம், போர்வைக்குள்ளிருந்து எழுந்திருக்கவே முடியாமல், மறுபடி ரத்தம் கொடுக்கப் போனேன். இம்முறை அவசரப்பட்டது சரியாகப் போயிற்று. ரத்தம் எடுக்கிற பெண் பழைய ரிப்போர்ட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அக்கா?” என்று கேட்டாள். ஊசியைத் திரும்ப உறையில் போட்டுவிட்டாள். பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையில் பயோட்டின்தான் பசைபோல வேலை செய்கிறதாம். ரத்தத்தில் அது மிதமிஞ்சிக் கிடந்தால் கணக்குக் குழம்பி, டிஎஸ்எச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டும். அதாவது, மாத்திரை அளவு கூடிவிட்டால் எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படி. குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்தவேண்டும், நீங்கள் சாப்பிடுவது பெரிய அளவு, ஒரு வாரம் விட்டுவிட்டே வாருங்கள் என்று அனுப்பினாள். மருத்துவர்கள் இருவர் கேட்காததை அவள் கேட்டாள். அவளுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

ஒரு வாரம் கழித்து வந்த எண் 17.9. ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றேன். என் மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டு, மறுபடி 100 எழுதினார்.

அன்றைக்கே இரண்டாவது பூதம் கிளம்பியது. மருந்துக் கடையில் லெவோதைராக்சினையும் என் வழக்கமான கால்சியம் மாத்திரையையும் சேர்த்துக் கேட்டேன். கடைக்காரப் பெரியவர் இரண்டு அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு, “இரண்டையும் எப்போது சாப்பிடுகிறீர்கள்?” என்றார். காலையில், ஒரே மடக்கில், பத்து நிமிடத்தில் காபி என்றேன். அவர் சிரிக்கவில்லை. கால்சியம் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் ஏறவிடாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அப்படித்தான். காபிகூட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்கவேண்டும் என்றார். ஐந்து மாதமாக நான் விழுங்கியதில் எவ்வளவு உள்ளே போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கால்சியத்தை இரவுக்கு மாற்றினேன். இதை மருத்துவரிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. இது முழுக்க என் பிழை.

ஒரு மாதத்தில் மலச்சிக்கல் போனது. அதுதான் முதலில் போனது. சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் முதல் வெற்றி. பிறகு இமை வீக்கம் வடிந்தது, குளிர் விட்டது. அப்பாடா என்று நினைத்த நேரத்தில் இரவில் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. கை லேசாக நடுங்கியது. தூக்கம் மூன்று மணிக்கே கலைந்தது. பரிசோதனையில் டிஎஸ்எச் 0.15. இந்த முறை நான் நம்பவில்லை. பயோட்டினைத் தொட்டே மாதங்கள் ஆயின, ஆய்வகத்தில்தான் ஏதோ கோளாறு என்று மருத்துவரிடம் வாதாடினேன். அவர் பொறுமையாக, “கடைசியாக எதை மாற்றினீர்கள்?” என்று கேட்டார். கால்சியம் கதையைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பாதி வீணாகிற கணக்கில் ஏற்றிய அளவு, இப்போது வீணாகாமல் முழுதாக ஏறுகிறது, அவ்வளவுதான். இப்படியே விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நாளாக ஆக எலும்பும் தேயும் என்றார். எலும்புக்காகச் சாப்பிட்ட கால்சியத்தால் வந்த வினையைப் பாருங்கள்.

அளவு 88 ஆனது. எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் 2.1, ஒருவழியாகச் சரியான எல்லைக்குள்.

இந்தக் கூத்தில் நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது ஒரு நடை மிச்சமாகட்டும். ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், கொடுத்த பிறகு விழுங்குங்கள். விழுங்கிய சில மணி நேரத்துக்கு டி4 ஏறித்தான் காட்டும். முடிந்தவரை ஒரே ஆய்வகத்துக்கே போங்கள். கடையில் வேறு நிறுவனத்தின் மாத்திரையைக் கொடுத்தால், அதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். சீட்டில் 0.1 மில்லிகிராம் என்று இருந்தால் அதுவும் 100 மைக்ரோகிராமும் ஒன்றுதான். நான் ஒருமுறை கடைவாசலிலேயே பதறிப்போனேன். ஒரு நாள் மறந்துவிட்டால் பயப்பட வேண்டாம், மருந்து மெதுவாகத்தான் நீங்குகிறது. ஆனால் சோர்வாக இருக்கிறதே என்று நீங்களாக அரை மாத்திரை கூட்டிக்கொள்ள மட்டும் வேண்டாம். இதய நோய் உள்ளவர்களுக்கு இது விளையாட்டே இல்லை. முக்கியமாக, நீங்கள் விழுங்குகிற மற்ற எல்லாவற்றையும், விளம்பரம் பார்த்து வாங்கிய வைட்டமின் உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் நீட்டவேண்டும்.

எடையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று கிலோ குறைந்தது, அதில் பெரும்பகுதி தண்ணீர் என்கிறார் மருத்துவர். மீதியை தைராய்டின் தலையில் போடமுடியாதாம். வருத்தம்தான்.

மதியத் தூக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. போன வாரம் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் பரிசோதனை) பார்த்ததில், இரும்புச்சத்து அடியில் கிடக்கிறது. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது தைராய்டு மாத்திரையோடு கூடாது, கால்சியத்தோடும் கூடாது. காலை ஐந்தரைக்கு ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று கட்டம் போட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.