சேலம் 1692: தானியப் பரிசோதனைக் கூடத்திலிருந்து பார்த்தால்

தானியத்தில் நச்சுப் பூஞ்சை பார்க்கிற வேலையில் இருப்பவர்களிடம் வெளியாட்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அமெரிக்காவில் சூனியக்காரிகள் என்று சொல்லித் தூக்கில் போட்டார்களே, அதெல்லாம் ரொட்டியில் இருந்த பூஞ்சையால்தானாமே?" மாசசூசெட்ஸில் சேலம் கிராமத்தையும் சுற்று ஊர்களையும் உலுக்கிய 1692 வழக்குகளைத்தான் சொல்கிறார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவரைப் பாறாங்கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறையிலேயே செத்தவர்கள் குறைந்தது ஐந்து பேர். 1976 ஏப்ரலில் லிண்டா கபோரேல் என்ற ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில், சூனியம் என்று குற்றம் சாட்டிய பெண்பிள்ளைகளுக்கு வந்த வலிப்பு எர்காட் என்ற தானியப் பூஞ்சையின் நச்சாக இருக்கலாம் என்று எழுதினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்பானோஸ், காட்லீப் என்ற இரு ஆய்வாளர்கள் அதே இதழில் மறுத்தார்கள். கருத்து பரவிய வேகத்தில் மறுப்பு பரவவில்லை. பூஞ்சைக் கதை சொல்வதற்கு அவ்வளவு சுலபம்.

முதலில் பூஞ்சை. கோதுமை போன்ற ரை தானியத்தில் எர்காட்டை உண்டாக்குவது கிளாவிசெப்ஸ் பர்பூரியா. அறுவடையில் நிலத்தில் விழுந்த அதன் கறுத்த முடிச்சு குளிர்காலம் முழுக்க மண்ணில் கிடக்கும். அந்தக் குளிர் சில வாரம் தொடர்ந்து கிடைத்தால்தான் முளைக்கும். வசந்தத்தில் ஈரம் இருந்தால் தலை பருத்த குச்சிபோல முளைவிட்டு வித்துகளைக் காற்றில் தள்ளும். ரை அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். பூ திறந்து காத்திருக்கும் நேரத்தில் மகரந்தத்துக்குப் பதிலாக இந்த வித்து உள்ளே போய்விடும். பூக்கும் காலத்தில் மழையும் குளுமையும் நீடித்தால் பூ அதிக நாள் திறந்தே இருக்கும். நோய்க்கு அதுதான் வாய்ப்பு. தாக்கிய ஒரு வாரம், பத்து நாளில் கதிரிலிருந்து பிசுபிசுப்பான தேன் போன்ற நீர் வடியும். பூச்சிகள் அதை மற்றக் கதிர்களுக்குக் கொண்டுபோகும். பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கருஊதா நிறத்தில் கொம்புபோல ஒன்று வளரும். அதுதான் அந்த முடிச்சு. உடைத்தால் உள்ளே வெளுப்பாக இருக்கும்.

நம் பக்கத்துக் கம்பிலும் இதன் பங்காளிப் பூஞ்சை வரும். தேன் ஒழுகல் நோய் என்கிறோம். விதைக்கு எடுப்பதாக இருந்தால் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ கல்லுப்பு கரைத்து, கம்பைக் கொட்டிக் கிளறி, மிதக்கிற முடிச்சுகளையும் பதரையும் அள்ளி எறிய வேண்டும். பிறகு இரண்டு மூன்று தண்ணீர் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். கழுவாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். இது வேலை செய்வதற்குக் காரணம் முடிச்சு மணியைவிட எடை குறைவு என்பதுதான். போரடிக்கும்போது உடைந்து மணி அளவுக்குச் சிறுத்த துண்டுகள் சல்லடையில் மணியோடு சேர்ந்தே இறங்கும். உப்புக் கரைசலில் மாட்டிக்கொள்ளும். அரைத்து மாவாக்கிவிட்டால் எந்த வழியும் இல்லை. உணவுத் தானியத்தில் எர்காட் பட்ட மணி எடையில் 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவில் வரம்பு. 100 கிலோ மூட்டைக்கு 50 கிராம், அதாவது ஒரு கைப்பிடி.

1975இல் ராஜஸ்தான் கிராமங்களில் எர்காட் கலந்த கம்பு தின்றவர்களுக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் வந்தன. நெடுநேரத் தூக்கக் கலக்கமும் இருந்தது. தேறிவிட்டார்கள். கம்புப் பூஞ்சையின் நச்சு வேறு வகை. ரையில் வருவது ரத்தக் குழாயைச் சுருக்கி விரல்களை அழுக வைக்கும், அல்லது நரம்பைத் தாக்கி வலிப்பைத் தரும். மாயத்தோற்றம் தரும் போதைப்பொருளான எல்எஸ்டி எர்காட்டிலேயே இருக்கிறது என்று எழுதுகிறவர்களும் உண்டு. தவறு. சுவிஸ் வேதியியலாளர் ஹாஃப்மன் 1938இல் எர்காட்டின் மூலப்பொருளிலிருந்து அதைச் செயற்கையாகத் தயாரித்தார்.

ஓர் ஊரில் தானிய நச்சு என்று சந்தேகம் வந்தால் நாங்கள் கேட்கிற கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். தானியம் எங்கிருந்து வந்தது? ஒரே பானையில் யார் யார் சாப்பிட்டார்கள்? அவர்களில் யாருக்கு வரவில்லை? எப்போது தொடங்கி எப்போது நின்றது? உடலில் தெரிந்த அறிகுறி அந்த நச்சுக்குரியதுதானா?

முதல் கேள்வியில் கபோரேல் தேறிவிடுகிறார். சேலம் கிராமத்தில் ரை விளைந்தது. மேற்குப் பக்கம் தாழ்ந்த ஈர நிலம். 1691 மழையும் வெம்மையும் கலந்த பருவம் என்கிறார் அவர். பாதிரியார் சாமுவேல் பாரிஸின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தானியமும் பண்டமுமாகவே வரவேண்டும். 1692 பிப்ரவரியில் சூனியக்காரியைக் கண்டுபிடிக்கச் சுட்ட அப்பமும் ரை மாவுதான்: பிள்ளைகளின் மூத்திரத்தைக் கலந்து பிசைந்து, சாம்பலில் சுட்டு, நாய்க்குப் போட்டார்கள். வீட்டில் ரை மாவு இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

இரண்டாவது கேள்வியிலேயே சிக்கல். பாரிஸ் வீட்டில் அவருடைய 9 வயது மகள் பெட்டிக்கும் 11 வயது உறவுப் பெண் அபிகேலுக்கும் வலிப்பு வந்தது. அதே மாவைத் தின்ற பாரிஸுக்கும் மனைவிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எர்காட் மூட்டைக்குள் சீராகப் பரவியிருக்காது, ஒரு ரொட்டியில் அதிகமாகவும் அடுத்ததில் இல்லாமலும் போகலாம்; ஆனாலும் மாதக்கணக்கில் தின்றால் இந்த ஏற்றத்தாழ்வு சமனாகிவிடும். ஸ்பானோஸும் காட்லீபும் இன்னொன்றையும் காட்டினார்கள்: வலிப்பு வகை எர்காட் நோய் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைந்த ஊர்களில் வந்தது. சேலம் பகுதியில் மீனும் பாலும் இருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் எதிர்பார்க்க வேண்டியது விரல் அழுகல். அப்படி ஒரு குறிப்பும் இல்லை. தீராப் பசியும் வயிற்றோட்டமும் எர்காட் நோயில் சாதாரணம். அவையும் வழக்கு ஏடுகளில் காணோம்.

எங்களுக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகப் படுவது நீதிமன்றத்தில் நடந்தது. மார்ச் 24 அன்று விசாரணையில், குற்றம் சாட்டப்பட்ட ரெபெக்கா நர்ஸ் என்ற மூதாட்டி கழுத்தைச் சாய்த்தால் பிள்ளைகளின் கழுத்தும் சாய்ந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தொட்டால் வலிப்பு நின்றது. நச்சால் வரும் வலிப்புக்கு யார் தொட்டார்கள் என்று தெரியாது. நச்சு உடலை விட்டு இறங்கும் வேகத்தில்தான் அது நிற்கும்.

நார்வேயின் ஃபின்மார்க் பகுதியில் நடந்த சூனிய வழக்குகளைப் பார்க்கும்போது எர்காட்டை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை. நாட்டின் வடக்கு முனையான அங்கே 17ஆம் நூற்றாண்டில் 91 பேர் கொல்லப்பட்டார்கள். கறுத்த மணி போன்றவை கிடந்த ரொட்டியையோ பாலையோ வாங்கித் தின்றுதான் சூனியம் கற்றோம் என்று பலர் வாக்குமூலத்தில் சொல்கிறார்கள். அங்கே ரை விளையாது. மாவு கப்பலில் வந்தது. டோர்ப்யோர்ன் ஆல்ம் என்ற ஆய்வாளர் 2003இல் இதைத் தொகுத்து, எர்காட் ஒரு துணைக் காரணமாக இருந்திருக்கலாம் என்றுதான் சொன்னார். அந்த அளவு அடக்கம் பொருத்தமே. சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலம் பலகை மேல் கொட்டிய தானியமாகிவிடாது.

சேலத்தில் மிச்சத்தை விளக்கப் பூஞ்சை தேவைப்படவில்லை. 1691 அக்டோபரில் பாரிஸின் சம்பளத்துக்கு வரி வசூலிக்க மாட்டோம் என்று கிராமக் குழு முடிவெடுத்திருந்தது. 1692 ஜனவரியில் வடக்கு எல்லையில் யார்க் ஊர் தாக்கப்பட்டது. வடக்கு எல்லைப் போரிலிருந்து அகதிகள் வந்தபடி இருந்தார்கள், குற்றம் சாட்டிய மெர்சி லூயிஸ் அவர்களில் ஒருத்தி. "அவளுடைய ஆவி என்னைக் கிள்ளியது" என்பதை நீதிபதி ஸ்டௌட்டன் சாட்சியமாக எடுத்துக்கொண்டார். ஒப்புக்கொண்டவர்களை உயிரோடு வைத்து அடுத்த பெயர்களைக் கேட்டார்கள். மறுத்தவர்கள் தூக்குமேடைக்குப் போனார்கள்.

காலக்கணக்கும் உதைக்கிறது. 1691 ரையைக் குளிர்காலத்தில் போரடித்தார்கள். ஜனவரியில் வலிப்பு தொடங்கியது அதற்குப் பொருந்தும். ஆனால் குற்றச்சாட்டு பெருவெள்ளமானது ஜூலைக்குப் பிறகு, ஆண்டோவரில். வேறு ஊர், வேறு வயல், பழைய இருப்பு தீர்ந்துகொண்டிருக்கும் மாதங்கள். 1692 வறட்சியால் எர்காட் குறைந்து எல்லாம் அடங்கியது என்பது கபோரேலின் வாதம். ஆனால் ஆளுநர் ஃபிப்ஸ் அக்டோபரில் இந்த வழக்குகளை விசாரித்துவந்த நீதிமன்றத்தையே கலைத்தார். 1693 ஜனவரியில் புதிய நீதிமன்றம் ஆவிச் சாட்சியத்தை ஏற்காமல் விசாரித்தபோது மூன்று பேருக்கு மட்டுமே தண்டனை விதிக்கப்பட்டது. அதையும் ஃபிப்ஸ் நிறுத்திவைத்தார்.