ஒரு பல்

அம்மாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர் அதைப் பஞ்சில் சுற்றி என் கையில் வைத்தார். எடையே இல்லை.

சட்டென்று லுமும்பா நினைவு வந்துவிட்டது.

காங்கோவின் முதல் பிரதமர். 1960 ஜூன் 30, சுதந்திர நாளன்று, பெல்ஜிய மன்னரை எதிரே வைத்துக்கொண்டே தன் மக்கள் பட்ட அடிகளையும் அவமானங்களையும் எடுத்துச் சொன்னவர். ஏழே மாதத்தில், 1961 ஜனவரி 17 அன்று சுட்டுக் கொன்றார்கள். வயது 35. உடலை அமிலத்தில் கரைத்த பெல்ஜிய போலீஸ் அதிகாரி, தங்க உறை போட்ட பல்லை எடுத்து வைத்துக்கொண்டார்.

எப்படி மனசு வந்தது?

2022-ல்தான் அது பிள்ளைகள் கைக்கு வந்தது. சவப்பெட்டியில் அந்த ஒற்றைப் பல்! அவர் பிறந்த ஊருக்கும் கொன்ற இடத்துக்கும் கொண்டுபோய், அப்புறம் தலைநகர் கின்ஷாசாவில் அடக்கம் செய்தார்கள்.

மனைவி பாலின் அதைப் பார்க்கவில்லை. 2014-லேயே போய்விட்டார்.